கிணற்றடிக் களவு

வற்றாத ஆறென்று ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து பெய்கின்ற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தங்கிய ஜலத்தையே கிணறு தோண்டி எடுத்து மனிதரும் மாடும் புகையிலைக் கன்றும் பல நூற்றாண்டுகளாக ஜீவித்து வந்திருக்கின்றமையால், அங்கே ஒரு வீட்டைப் பற்றிப் பேசப் புகுந்தவன் தலைவாசலில் தொடங்கினாலும் கிணற்றடியில் வந்துதான் முடிக்கவேண்டியிருக்கும். துலாவும் பட்டையும் இருந்த இடத்திலே கப்பியும் வாளியும் வந்தன. பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. மின்சாரம் எட்டிய ஊர்களுக்கு மோட்டர் வந்தது. மோட்டரோடு கூடவே கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாய், அதன் அடியிலே தண்ணீரைத் திரும்பவிடாது பிடித்துவைக்கும் பித்தளை வால்வு, உயரத்திலே ஒரு தண்ணீர்த் தாங்கி, அதிலிருந்து குசினிக்கும் குளியலறைக்கும் ஓடும் குழாய்கள், அவற்றின் நுனியிலே பளபளக்கும் பைப்புகள் என்று ஒரு பெரிய பரிவாரமே வந்து சேர்ந்தது.

அந்தப் பரிவாரத்தின்மீது அண்மைக் காலத்திலே கள்வருடைய கண் விழுந்திருக்கிறது. விடிந்ததும் சுவிச்சைப் போட்ட வீட்டுக்காரி, வழக்கமான சத்தம் கேளாமையால் வெளியே வந்து பார்த்து, "ஐயோ, மோட்டரையும் கழட்டி, பைப்பையும் அறுத்துக்கொண்டு போட்டாங்கள்" என்று மதிலுக்கு அப்பாலுள்ளவர்களைக் கூப்பிடுவது குடாநாட்டிலே இப்பொழுது அதிசயமான செய்தியன்று. நகையும் பணமும் தேடி உள்ளே புகும் துணிவில்லாதவனுக்கும், புகுந்தால் அகப்பட்டுவிடுவோம் என்று அஞ்சுபவனுக்கும், வீட்டுக்கு வெளியே, இருட்டிலே, படுக்கையறைக்குச் சற்றுத் தூரத்திலே இருக்கின்ற கிணற்றடி மிகவும் வாய்ப்பான ஸ்தலமாயிருக்கிறது. போதைப்பொருளுக்கு அடிமையாகி அன்றன்றைக்குக் காசு தேடும் இளைஞரையே ஊரார் பெரும்பாலும் சந்தேகிக்கின்றனர். அந்தச் சந்தேகம் சில இடங்களில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் வாங்குவதற்கு ஒருவன் இருந்தாலன்றி அறுப்பதற்கு ஒருவன் வரமாட்டான் என்பதை மறந்துவிட்டு இளைஞரை மாத்திரம் ஏசுவதிலே பிரயோஜனமில்லை.

வாங்குபவனுடைய கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே உலகச் சந்தையில் ஒரு தொன் செம்பு ஏறத்தாழ 6,000 டொலருக்கு விலைப்பட்டது; அப்பொழுது ஒரு டொலருக்கு 180 ரூபா அளவில் இருந்தபடியால், ஒரு கிலோ செம்பு நம்முடைய பணத்திலே 1,100 ரூபா என்று கொள்ளலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கி, மே மாதமளவில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது, செம்பும் தொன்னுக்கு 9,000 டொலருக்கு மேலே நின்றமையால், அதே ஒரு கிலோ 3,300 ரூபாவாயிற்று. பழைய இரும்புக் கடைக்காரர் அந்த முழு விலையைக் கொடுப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் இரண்டே வருஷத்தில் ஒரு பொருள் மூன்று மடங்காகிவிட்டதென்றால், அதனை வளவிலே வைத்திருப்பவன் நித்திரையாயிருந்தாலும் மற்றவர்கள் விழித்துக்கொள்வார்கள். அந்தப் பஞ்ச காலத்திலே கொழும்புப் பக்கத்தில் வீட்டு வாசல்களிலிருந்த தண்ணீர் மீற்றர்களைப் பித்தளைக்காகப் பிடுங்கிச் சென்றார்கள். 2021 நவம்பரிலே திறந்துவைக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தில் பூட்டியிருந்த ஆணிகளையும் சுரைகளையுங்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அமைச்சர் ஒருவரே பகிரங்கமாகச் சொல்லி வருந்தினார். பாலத்துக்கே அந்தக் கதியென்றால் கிணற்றடி எம்மாத்திரம்!

வீட்டு மோட்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதனுள்ளே சுற்றியிருக்கும் செம்பு ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். மலிவான சில மோட்டர்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியமே சுற்றியிருப்பதால் அதுவும் தேறாது. ஓர் அங்குல விட்டமும் 20 அடி நீளமுமான நாகம் பூசிய இரும்புக் குழாய் 15 கிலோ அளவில் நிறுக்கும். இவ்வளவுதான் கள்வனுக்குக் கிடைப்பது. இழந்தவனோ புது மோட்டருக்கும் குழாய்க்கும் வால்வுக்கும் கூலிக்குமாகக் கொடுக்கவேண்டிய தொகை அதனைப் போலப் பல மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு நமக்கு ஆத்திரத்தை உண்டாக்குகிறது. அதனோடு ஓர் உபாயத்தையும் கற்பிக்கிறது. கள்வன் தேடி வருவது குழாயை அன்று, உலோகத்தை. நமக்கு வேண்டியது உலோகமன்று, தண்ணீர். ஆதலால் தண்ணீரை, நிறுத்து விற்க முடியாத பொருள்களைக் கொண்டு, கையிலுள்ள காசுக்கு ஏற்றபடி படிப்படியாக மீட்டுக்கொள்வதே சிறிய வருமானமுள்ள குடும்பத்துக்குத் தக்க வழி என்பது என்னுடைய அபிப்பிராயம்.

படிப்படியாக மீட்பது இந்த மண்ணுக்குப் புதிய வித்தையுமன்று. யுத்தகாலத்திலே வவுனியாவுக்கு வடக்கே இருந்த தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவர 2014 அக்டோபர் வரையில் காத்திருக்கவேண்டியதாயிற்று. வலிகாமம் வடக்கிலே உயர்பாதுகாப்பு வலயமென்று அடைக்கப்பட்டிருந்த காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, இருபதும் இருபத்தைந்தும் வருஷங்களின் பின்னர் தம்முடைய வளவுக்குள் கால்வைத்தவர்கள் கதவில்லாத, யன்னலில்லாத, கூரையில்லாத, சுவருக்குள் புதைத்த வயரும் குழாயும் உருவப்பட்ட வீடுகளைக் கண்டார்கள். அவர்களிற் பலர் முதலிலே செய்தது வீட்டைத் திருத்தியதன்று; கிணற்றைக் கண்டுபிடித்துப் பற்றையை வெட்டி, சேறெடுத்து இறைத்ததுதான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் இரும்பும் சீமெந்தும் வடக்கே வராமல் மறிக்கப்பட்டபோது, மூலையிலே கிடந்த துலாவுக்கு மறுபடியும் மரியாதை வந்ததைக் கண்டவர்கள் இன்னும் ஊரிலே இருக்கிறார்கள்.

களவு நடந்த அன்று முதலிலே கவனிக்க வேண்டியது தண்ணீரையன்று, மின்சாரத்தை. மோட்டரைக் கழற்றியவன் வயரை வெட்டியிருப்பான். வெட்டுண்ட நுனியிலே 230 வோல்ற் மின்சாரம் ஈரநிலத்தின்மேல் தொங்கிக்கொண்டிருக்கும். பதற்றத்திலே ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னர் பிரதான சுவிச்சை நிறுத்திவிடவேண்டும். சிறுவர்களைக் கிணற்றடிக்கு விடலாகாது. இன்னொன்று, பலரும் கவனியாதது: வீட்டு மீற்றர்ப் பெட்டியிலிருந்து நிலத்துக்குள் இறங்குகின்ற எர்த் வயரும் செம்பாயிருப்பதால், அதையும் அறுத்திருக்கக்கூடும். அது போனாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஏதேனும் ஒரு சாதனத்தின் உலோக உடம்பிலே மின்சாரம் கசிந்தால் அது நிலத்துக்குப் போக வழியின்றி, தொடுகின்ற மனிதனூடாகவே வழி தேடும். ஆகையால் தண்ணீர் வேலைக்குச் செலவிட ஒதுக்கிய முதற் காசிலே இந்தக் கம்பி போயிருந்தால் இதற்கே முதலுரிமை கொடுத்து, அனுமதி பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு மாட்டுவிப்பது அவசியம். தண்ணீரைச் சில நாள் வாளியால் அள்ளலாம். மின்சார விபத்துக்கு அப்படி ஒரு மாற்று வழியில்லை.

அடுத்தது தாங்கி. மேலேயிருந்து கீழே வருகின்ற குழாயை அறுத்திருந்தால் தாங்கியிலே மிச்சமாயிருந்த தண்ணீரும் இரவோடிரவாக ஓடியிருக்கும். ஓடாமல் எஞ்சியிருந்தால் தாங்கியடியிலுள்ள வால்வைப் பூட்டிவிட்டு, வெட்டுண்ட குழாயின் வாயை மூடிபோட்டு அடைக்கலாம். சில்லறைக் காசுக்கு ஹாட்வெயார் கடையிலே கிடைக்கின்ற அந்தச் சிறிய பிளாஸ்டிக் மூடி ஆயிரம் லீற்றர்த் தண்ணீரைக் காப்பாற்றிவிடும். குழாயின் வாய் திறந்தே கிடந்தால் தண்ணீர் போவது மட்டுமன்று, பூச்சியும் அரணையும் உள்ளே வந்து சேரும்.

பின்னர் பொலிசுக்குப் போகவேண்டும். "போய் என்ன பிரயோசனம், தம்பி? கிடைக்கவா போகுது?" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் முறைப்பாடு பதியப்படாத களவு, கணக்கிலே நடவாத களவு. ஒரே ஒழுங்கையிலே ஐந்து வீடுகளில் மோட்டர் போயும் ஒருவரும் முறையிடவில்லையானால், அந்த ஒழுங்கைக்கு இரவு ரோந்து வரவேண்டுமென்று கேட்பதற்கு ஆதாரம் எங்கேயிருக்கிறது? மோட்டரின் தகட்டிலுள்ள இலக்கம், வாங்கிய பற்றுச்சீட்டு, கைத்தொலைபேசியில் எடுத்த படம் இவற்றைக் கொண்டு போனால் முறைப்பாடு பெறுமதியுள்ளதாகும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வாங்கிக்கொண்டு வருவதும் நன்று.

இனித் தண்ணீர். உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருடைய நாளாந்தத் தேவைக்கு 50 முதல் 100 லீற்றர் வரை வேண்டுமென்று கணிக்கிறது. நால்வர் உள்ள குடும்பம் சிக்கனமாக நடந்தால் 200 லீற்றர். அதாவது பத்து லீற்றர் பிடிக்கும் வாளியால் இருபது வாளி. குளிப்பைக் கிணற்றடியிலே வைத்துக்கொண்டால், வீட்டுக்குள்ளே சுமக்கவேண்டியது அதிலே பாதியுமில்லை. கப்பியும் கயிறும் சரியாயிருந்தால் இளவயதினர் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய கஷ்டமன்று. தனித்திருக்கும் முதியவர்களுக்கோ பெருங்கஷ்டம். மகனும் மகளும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, எழுபது வயதிலே தனியாக வீடு காக்கும் அம்மாமார் குடாநாட்டிலே அனேகர். அவர்களுக்கு அயலவர் ஒருவர் காலையிலும் மாலையிலும் நாலு வாளி அள்ளி நிரப்பிவிடுவது எந்தக் குழாய்த் திருத்தத்துக்கும் முந்திய உதவி. அவசரத்துக்குத் தோட்டக்காரரிடம் மண்ணெண்ணெய் இயந்திரத்தை இரவல் வாங்கி இறைப்பவர்கள் அதை ஒருபோதும் கிணற்றுக்குள்ளே தட்டிலே இறக்கிவைத்து ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு கிணற்றுக்குள்ளே தேங்கி, மணமும் நிறமும் காட்டாமலே ஆளைக் கொன்றுவிடும்.

குழாயை அறுக்கும்போது துருவும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் கிணற்றுக்குள் விழுந்திருக்கும். கலங்கிய தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு, பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவிக்கலாம். நல்ல வெளிற்றும் தூள் ஆயிரம் லீற்றருக்கு இரண்டரைக் கிராம் என்பது வழக்கமான அளவு. எட்டடி விட்டமுள்ள வட்டக் கிணற்றிலே ஆறரை அடித் தண்ணீர் நின்றால் அது ஒன்பதாயிரம் லீற்றராகும். ஆகவே இருபத்திரண்டு, இருபத்துமூன்று கிராம் தூள். அதை வாளித் தண்ணீரிலே கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மாத்திரம் கிணற்றிலே கலந்து, ஒரு மணித்தியாலமாவது பொறுத்த பின்னரே அள்ளவேண்டும்.

காசு சேர்ந்ததும் குழாய் வாங்கப் புறப்படுகிறவர் இரண்டு சோதனைகளுக்கு ஆளாவார். கடைக்காரரும் வேலைக்கு வருபவரும் சேர்ந்து, "எல்லாத்தையும் ஒரேயடியாய் மாத்திவிடுங்கோ, பிறகு தொல்லையில்லை" என்பார்கள். போன குழாய்க்குப் பதிலாக அதே இரும்புக் குழாயை மாட்டவேண்டுமென்று வீட்டுக்காரரின் மனமும் சொல்லும், ஏனென்றால் அப்பா காலத்திலிருந்து அதுதான் இருந்தது. இரண்டுக்கும் செவிசாய்க்க வேண்டியதில்லை. நாகம் பூசிய இரும்புக் குழாய் குடாநாட்டுத் தண்ணீருக்கு ஒருபோதும் உற்ற தோழனாயிருந்ததில்லை. சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் அதன் உள்ளே வெள்ளையாகப் படிந்து வழியைச் சுருக்கும். கரையோர ஊர்களில் உப்புக்காற்று வெளியே அரிக்கும். ஊரிலே எஸ்லோன் பைப் என்று வழங்கும் பி.வி.சி. குழாய் துருப்பிடியாது, விலையிலே குறைவு, ஒருவர் தோளிலே வைத்துச் சைக்கிளில் கொண்டுவரக்கூடிய பாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை அறுத்துக்கொண்டு போனால் எந்தப் பழைய இரும்புக் கடையிலும் ஒரு தேத்தண்ணிக் காசுகூடக் கிடையாது. அதன் பகைவன் வெயில். நிலத்துக்குமேலே வெளித்தெரிய விட்டால் நாளடைவிலே வெளிறி நொறுங்கும். ஆகவே ஓரடி ஆழத்திலே புதைக்கவேண்டும், புதைக்க முடியாத பகுதிக்குப் பெயின்ற் பூசவேண்டும். அழுத்தம் தாங்கும் தரமா, எஸ்.எல்.எஸ். முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குவது அவசியம். மழைத்தண்ணீர் வடிக்கின்ற மெல்லிய குழாயை மலிவென்று வாங்கி மோட்டரிலே பூட்டினால், அது உறிஞ்சும் விசையிலே உள்நோக்கி நசிந்துவிடும்.

முதலிலே மாற்ற வேண்டியது கிணற்றுக்குள் இறங்கும் குழாய் ஒன்றைத்தான். இதிலே சிக்கனம் பிடிக்கக்கூடாத இடம் எதுவென்று விளங்குவதற்கு, மோட்டர் தண்ணீரை எவ்வாறு எடுக்கிறதென்று அறிவது உதவும். மேலேயிருக்கும் மோட்டர் தண்ணீரைக் கையால் இழுப்பதுபோல இழுப்பதில்லை. குழாய்க்குள்ளே காற்றின் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் அமர்ந்திருக்கும் வெளிக்காற்றுத்தான் அதனைக் குழாய்க்குள்ளே தள்ளி மேலேற்றுகிறது. அந்தக் காற்றினால் எவ்வளவு முயன்றாலும் 34 அடிக்கு மேலே தள்ள இயலாது. நடைமுறையிலே 23, 24 அடிக்கு மேலே மோட்டர் திணறத் தொடங்கும். ஆவணி, புரட்டாதியிலே தண்ணீர் கீழே போய்விட்ட கிணறுகளில் மோட்டர் வெறுமனே இரைந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. இந்தப் பகுதிக் குழாயிலே மயிரிழையளவு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து தண்ணீர் அறுந்துபோகும். ஓட்டையிலிருந்து ஒரு துளியும் வெளியே ஒழுகாமையால் குறை எங்கேயென்று கண்டுபிடிப்பதும் கடினம். ஆகவே மூட்டுகளைக் குறைத்து, முழு நீளக் குழாயாக இறக்கி, வெட்டிய முனையின் பிசிரை நீக்கித் துடைத்து உலர்த்தி, இரண்டு பக்கமும் பசை பூசி ஒரே அழுத்தாக அழுத்திச் சற்று நேரம் அசையாமல் பிடிக்கவேண்டும். பசை காய ஓர் இரவு விட்டுவைப்பவன் மறுபடி கடைக்குப் போகவேண்டியதில்லை. குழாயின் விட்டம் மோட்டரின் வாயைவிடச் சிறிதாயிருக்கலாகாது. அடி வால்வு கிணற்றுத் தரையிலிருந்து இரண்டடி உயர்ந்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் சேற்றையும் சேர்த்து உறிஞ்சும். அந்த வால்வையும் பித்தளையிலே வாங்காமல் பிளாஸ்டிக்கிலே வாங்கலாம். பித்தளை நீடித்து உழைக்கும் என்பது மெய். கள்வன் விட்டுவைத்தால் உழைக்கும்.

அதன்பின்னர் மோட்டரிலிருந்து ஒரே ஒரு பைப்புக்கு ஓர் இணைப்பு. குசினிக்கு அண்மையிலே, வாளி வைக்கக்கூடிய உயரத்திலே அந்த ஒரு பைப் இருந்தால் வீட்டின் துன்பத்திலே முக்காற்பங்கு தீர்ந்துவிடும். தாங்கிக்கு ஏறும் குழாய் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கலாம், குளியலறை தைப்பொங்கலுக்குக் காத்திருக்கலாம். ஒரேயடியாகச் செய்வதற்கு வட்டிக்குக் கடன் வாங்குவதைப் பார்க்கிலும் இது எவ்வளவோ மேல்.

மோட்டர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. போனது போகட்டும், இம்முறை பெரிதாக வாங்குவோம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. குடாநாட்டின் நன்னீர், நிலத்தடியிலுள்ள உவர்நீரின்மேலே மிதந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிய வில்லை. இதன் இலக்கணத்தைப் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இரு ஐரோப்பியர் தனித்தனியே கண்டு எழுதினார்கள்: நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அரையடி குறைந்தால் கீழேயிருந்து உவர் இருபதடி ஏறிவர இடமுண்டாகும். வீட்டுக்கு அரைக் குதிரைவலு போதுமான இடத்திலே ஒன்றரைக் குதிரைவலுவை மாட்டி ஒரே மூச்சில் இறைப்பவர் மின்சாரக் கட்டணத்தை மட்டுமன்று, அயற்கிணறுகளின் ருசியையும் கூட்டிவிடுகிறார், உப்பாக.

பழைய மோட்டர் மலிவாய்க் கிடைக்கிறதென்று யாராவது கொண்டுவந்து காட்டினால் அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்காமல் கைநீட்டலாகாது. அது பக்கத்து ஊரிலே ஒரு விதவையின் கிணற்றடியிலிருந்து வந்ததாயிருக்கலாம். 1883ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையிலிருக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு, களவுப்பொருளென்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்குபவரையும் குற்றவாளியாக்குகிறது. நம்பகமான திருத்துநர் கடையிலே, சுருள் புதிதாகச் சுற்றிய மோட்டரைப் பற்றுச்சீட்டோடு வாங்குவதிலே தோஷமில்லை, காசும் மிச்சமாகும்.

குழாய்த் தண்ணீர் கிடைத்த வீடுகளின் விஷயம் வேறு. வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரும் நிலையம் 2024 ஆகஸ்டிலே திறக்கப்பட்டதன் பின்னர், கிணற்றையே அறிந்திருந்த பல வளவுகளின் வாசலிலே இப்போது மீற்றர் ஒன்றும் முளைத்திருக்கிறது. அது களவு போனால் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, வீதிப் பக்கத்து வால்வைப் பூட்டிக் காத்திருப்பதே முறை. மீற்றரிருந்த இடைவெளியை ஒரு துண்டுக் குழாயால் தாமே இணைத்துக்கொள்ளும் கெட்டித்தனம், களவு கொடுத்தவரைக் களவெடுத்தவராக்கிவிடும். கிணறு இருக்கும் வரையில் கப்பியைக் கழற்றி எறியாமல் வைத்திருக்கிறவர்கள் இந்தக் காத்திருப்பை நிம்மதியாகக் கழிப்பார்கள்.

பங்குக் கிணறுகளில் ஒரு சிக்கலும் ஒரு சௌகரியமும் உண்டு. யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியின் விஸ்தீரணத்தோடு கிணற்றிலே இத்தனை பங்கு, வழி வாய்க்காலிலே இத்தனை பாத்தியம் என்று எழுதப்பட்டிருப்பதை எல்லோரும் அறிவர். அந்தப் பங்குக்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றம் ஏறிய கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. நான்கு குடும்பம் நான்கு மோட்டர் பூட்டியிருந்த ஒரு கிணற்றில் நான்கும் போய்விட்டால், மறுபடி நான்கு வாங்குவதேன்? ஒரு மோட்டரை நால்வரும் காசு போட்டு வாங்கி, முன்னே துலா இறைப்புக்கு முறை வைத்ததுபோல நேரமுறை வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சீமெந்துக் கல்லால் ஒரு சிறு கூடு கட்டி இரும்புக் கதவு போட்டுப் பூட்டலாம். தனியொருவருக்குப் பாரமான அச்செலவு நால்வருக்குப் பகிரும்போது தெரியாது. மின்சாரக் கட்டணத்தை யார் கொடுப்பதென்ற பிணக்கு வரும். துணை மீற்றர் ஒன்றைப் பூட்டினால் அதுவும் தீரும். தீராவிட்டாலும், நாலு வீட்டுக் கண் ஒரு மோட்டரின்மேல் இருக்கும்.

வாங்குபவனைப் பற்றித் தொடக்கத்திலே சொன்னதை இங்கே தொடரவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தேவாலயக் கூரையின் ஈயத்தையும் ரயில்பாதையின் செம்புக் கம்பியையும் களவெடுப்பது பெருகியபோது, 2012 டிசம்பரிலே பழைய உலோகத்துக்குக் கையிலே காசு கொடுப்பது தடைசெய்யப்பட்டது. மறுவருஷச் சட்டத்தினால் வியாபாரிகள் அனுமதிப்பத்திரம் பெறவும், விற்பவரின் அடையாளத்தைப் பதியவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதன்பின் அக்களவு வெகுவாகக் குறைந்தது. தென்னாபிரிக்கா 2022 நவம்பர் கடைசியிலே பழைய செம்பும் இரும்பும் ஏற்றுமதியாவதையே ஆறு மாதத்துக்கு நிறுத்திப் பார்த்தது. நம்முடைய ஊர்களிலே சட்டம் வரும்வரை காத்திராமல், கிராம அலுவலரும் சனசமூக நிலையமும் பிரதேச சபையும் சேர்ந்து, அந்தந்தப் பகுதியிலே பழைய இரும்பு வாங்குகிற கடைக்காரர்களையும் லொறிக்காரர்களையும் அழைத்து, குழாயும் மோட்டரும் கொண்டுவருபவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் கொப்பியிலே எழுதும்படி கேட்கலாம். அவர்களிற் பெரும்பாலோர் நேர்மையாகப் பிழைப்பவர்கள். போத்தலும் பேப்பரும் சேர்த்து ஊரைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள். கள்ளச் சரக்கின் பழியைச் சுமக்க அவர்களுக்கும் விருப்பமிராது.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்தாம் மிகவும் ஆபத்துக்கு உள்ளானவை. வெளிநாட்டிலிருப்பவர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து தங்கிப் போகும் வீட்டிலே, மற்றக் காலமெல்லாம் மோட்டரைக் கிணற்றடியிலே விட்டுவைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. மோட்டரின் இரு பக்கத்தையும் திருகிக் கழற்றக்கூடிய யூனியன் மூட்டுகளாலே பொருத்துவித்துக்கொண்டால், புறப்படுகின்ற அன்று சுவிச்சை நிறுத்தி, சில நிமிஷத்திலே கழற்றி உள்ளறையிலே வைத்துப் பூட்டலாம். குழாயின் வாய்களுக்கு மூடி போட்டுவிடலாம். மோட்டரின் இலக்கமும் பற்றுச்சீட்டின் பிரதியும் அரத்தால் கீறிய பெயரடையாளத்தின் படமும் வீடு பார்ப்பவரிடம் இருக்கவேண்டும். காணிக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்தவர்கள் இதையும் அந்தக் கடதாசிகளோடு சேர்த்தே கொடுத்துவிடலாம். களவு போனால் பொலிஸ் நிலையத்துக்குப் போகப்போகிறவர் ரொறன்ரோவிலிருக்கும் சொந்தக்காரரல்லர், திறப்பை வைத்திருக்கும் மாமியார்தான்.